எந்த வருஷத்து அலி?

குத்துச்சண்டைச் சாம்பியன்களான முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் ஒரு முறை ஒரே ரிங்கில் நின்றிருக்கிறார்கள். 1969-இல், மயாமியில் ஒரு படப்பிடிப்பு அரங்குக்குள். அலிக்கு அப்போது 27 வயது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தையும் சண்டை போடும் உரிமத்தையும் பறித்துவிட்டார்கள். உடம்பு உச்சத்தில் இருக்கவேண்டிய வயதில் வேலையில்லாமல் இருந்தார். மார்சியானோவுக்கு 45. தோல்வியே காணாமல் 49 சண்டைகளை முடித்து ஓய்வு பெற்று 13 வருடம் ஆகியிருந்தது. இந்தப் படத்துக்காக ஐம்பது பவுண்டு போல எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்தார்.

ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக எழுபது ரவுண்டு போல இருவரும் ஆடினார்கள். பெரும்பாலும் பாவனை அடிகள்தான். எது எந்த வரிசையில் வரவேண்டும், கடைசியில் யார் விழவேண்டும் என்பதைக் கணினி சொல்லும் என்று ஏற்பாடு. பல முடிவுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். தாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று ஆடிய இருவருக்குமே தெரியாது.

இதற்குப் பின்னால் இருந்தவர் முர்ரே வோரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர். 1967-இல் அவர் 16 ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) வீரர்களின் விவரங்களை என்.சி.ஆர். 315 என்ற கணினிக்குள் போட்டு, ஒருவரோடு ஒருவரை மோதவிட்டு, நிஜச் சண்டைபோல நேர்முக வர்ணனையோடு வானொலியில் ஒலிபரப்பினார். இறுதிச் சண்டையில் மார்சியானோ ஜாக் டெம்ப்சியை வீழ்த்தினார். அலியோ அதற்கு முன்பே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்று வெளியேறியதாகக் கணினி சொல்லிவிட்டது. ஜெஃப்ரீஸ் 1899-இல் பட்டம் வென்றவர். அலிக்குப் பொறுக்கவில்லை. பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்கு சமரசத்துக்கு வந்தபோது பிறந்ததுதான் இந்தப் படம்.

1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் அதைக் காட்டினார்கள். 13-ஆம் ரவுண்டில் மார்சியானோ அலியை நாக்அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். மார்சியானோ எந்தப் பிரதியையும் பார்க்கவில்லை. படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, ஐயோவாவில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-ஆவது பிறந்தநாள்.

இந்தப் படத்தை நான் பல தடவை பார்த்துவிட்டேன். முடிவுக்காக இல்லை. 45 வயது மனிதர் குனிந்து குனிந்து அலியின் ஜாபுக்கு, முன்கையை நீட்டிப் போடும் அந்த நேர் அடிக்கு, கீழே நுழைவதைப் பார்ப்பதற்காக. பின்னங்காலை ஊன்றித் தள்ளி, தோளால் அலியின் மார்பில் முட்டுக்கொடுத்து நிற்கிறார். பாவனையாகத்தான் செய்கிறார், ஆனால் கால் பொய் சொல்லவில்லை. 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்திப் பட்டம் வென்றபோதும் இதே கால்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் கணினியிடம் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டார்களே என்றுதான் தோன்றும். பலம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, தாங்கும் சக்தி எவ்வளவு என்று மனிதனை எண்களாகப் பிரித்துக் கூட்டினார்கள். சண்டை அப்படி நடப்பதில்லை.

எனக்கு இந்தக் கற்பனைச் சண்டைப் பைத்தியத்தை உண்டாக்கியது அண்ணன். அவனுக்கு மைக் டைசன் என்றால் உயிர். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

“டேய், டைசன் முன்னாடி அலி ரெண்டு ரவுண்டு தாங்கமாட்டார்.”

“எந்த வருஷத்து டைசன்?”

“டைசன்னா டைசன்தான். அதென்ன வருஷம்?”

“அப்போ டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அடிச்சு விழுந்தாரே, அவர் யாரு அண்ணா?”

அன்றைக்கு அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை நான் இன்னும் விடவில்லை. 1988 ஜூன் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்தவர் டைசன். 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் பத்தாவது ரவுண்டில் தரையில் தவழ்ந்து, வாயிலிருந்து விழுந்த பல்காப்பைத் தேடியவரும் டைசன். இடையில் இருபது மாதம்கூட இல்லை. பயிற்சியாளர் கெவின் ரூனியைப் பிரிந்திருந்தார், தலையை ஆட்டி ஆட்டி உள்ளே நுழையும் பழக்கம் குறைந்திருந்தது. பேரும் உடம்பும் அதேதான், சண்டைக்காரர் வேறு.

அலிக்கும் அப்படித்தான். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியை யாராலும் தொடக்கூட முடியவில்லை. (வில்லியம்ஸ் இரண்டு வருடம் முன்பு போலீஸ் துப்பாக்கியால் சுடப்பட்டவர், பழைய ஆள் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.) 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்திய அலி, அடிகளை வயிற்றிலும் கைகளிலும் வாங்கிக்கொண்டு கயிற்றில் சாய்ந்து கிடந்தவர். முதல் அலிக்குக் கால் இருந்தது. இரண்டாவது அலிக்குத் தாடையும் பொறுமையும் இருந்தன. அதனால் கற்பனைச் சண்டைகளை எழுதிவைக்கும் என் நோட்டில் யார் பேரை எழுதினாலும் பக்கத்தில் வருடத்தையும் எழுதுகிறேன்.

வருடம் மட்டும் போதாது. ஒவ்வொரு பெரிய வீரனிடமும் ஒரு தவறு இருக்கிறது. பட்டம் வென்ற பிறகும், ஐம்பது பேரை வீழ்த்திய பிறகும் அது போகாது. அந்தத் தவறுக்கு எதிரே நிற்பவனிடம் பதிலடி இருக்கிறதா? எனக்குக் கேள்வி இது ஒன்றுதான். யார் பெரியவர் என்பது அதற்கு அப்புறம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஜோ லூயிஸும் மேக்ஸ் ஷ்மெலிங்கும். 1936-இல் லூயிஸ் இன்னும் சாம்பியன் ஆகவில்லை, ஆனால் தோல்வியே அறியாதவர். ஷ்மெலிங் அவர் சண்டைகளின் படங்களைப் போட்டுப் பார்த்தார். லூயிஸ் இடது கையால் ஜாப் போட்டுவிட்டுக் கையை நேரே தோளுக்குத் திரும்பக் கொண்டுவருவதில்லை. ஒரு நொடி கை கீழே இறங்கிவிடுகிறது. அந்த ஒரு நொடியில் இடது தாடை திறந்து கிடக்கிறது. ஷ்மெலிங்கிடம் இருந்தது நல்ல வலது கை. ஜூன் 19 அன்று அந்த வலது கையை அதே திறப்பில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது ரவுண்டில் லூயிஸ் விழுந்தார். 12-ஆவது ரவுண்டில் எழவில்லை.

1938 ஜூன் 22 அன்று அதே இருவர், அதே யாங்கி ஸ்டேடியம். லூயிஸ் 124 வினாடியில் ஷ்மெலிங்கை முடித்தார். தவறைத் திருத்திக்கொண்டு வந்திருந்தார், அதற்கும் மேலே, ஷ்மெலிங் பின்வாங்கி யோசிக்க நேரமே தரவில்லை. இரண்டே வருடத்தில் அதே ஜோடிக்கு நேர் எதிரான முடிவு வருகிறது என்றால், ஐம்பது வருடம் தாண்டி ஒரு ஜோடியைப் போடும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

எழுபதுகளின் நால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் ஜோ ஃப்ரேசியர் அலியை 15 ரவுண்டில் வென்றார். அந்த ஃப்ரேசியரை 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் இரண்டே ரவுண்டுக்குள் ஆறு முறை வீழ்த்தினார். கென் நார்டன் அலியின் தாடையை உடைத்தவர், மூன்று சண்டைகளில் மொத்தம் 39 ரவுண்டு அலியைப் பாடாய்ப்படுத்தியவர். அவரையும் ஃபோர்மன் இரண்டு ரவுண்டில் முடித்தார். அந்தக் கணக்குப்படி ஃபோர்மன் அலியைப் பஸ்பமாக்கியிருக்கவேண்டும். நடந்தது வேறு. குனிந்து நேரே உள்ளே வருகிறவர்களுக்கு ஃபோர்மன் எமன். நேரே வராமல் உயரமாக நின்று, காத்திருந்து, நேர் அடி போடுகிறவரிடம் அவர் களைத்துப்போனார். ஒரே காலத்திலேயே கணக்கு இப்படி வட்டமடித்தால், அவனை இவன் வென்றான், அதனால் இவனை மற்றவன் வெல்வான் என்று காலங்களுக்குக் குறுக்கே ஏணி போட முடியாது.

சரி, அண்ணனின் சண்டைக்கு வருகிறேன். 1988 டைசனும் 1966 அலியும்.

அலியின் தவறு எல்லோருக்கும் தெரிந்தது. கைகளைத் தாழ்த்தி வைத்திருப்பார். அடி வந்தால் தலையைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேரே பின்னால் இழுப்பார். நேர் அடிக்கு அது போதும், ஒரு அங்குலத்தில் தப்பிவிடுவார். ஹூக் நேரே வருவதில்லை, வளைந்து பின்தொடர்ந்து வருகிறது. 1962-இல் சன்னி பேங்க்ஸ், 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் ஃப்ரேசியர், மூவரும் அலியைத் தரையில் உட்காரவைத்தது இடது ஹூக்கால். டைசனிடம் இருந்ததும் அதுதான், இவர்கள் எல்லோரையும்விட வேகமாக. 1986-இல் ட்ரெவர் பெர்பிக்குக்கு விழுந்த அந்த ஒரு ஹூக்கை மெதுவாக ஓட்டிப் பார்க்கவேண்டும். பெர்பிக் விழுகிறார், எழுகிறார், கால் பின்னிக்கொண்டு மறுபடி விழுகிறார், எழப்போய் மறுபடி சாய்கிறார். ஒரே அடிக்கு மூன்று தடவை. அண்ணன் நம்பிக்கை வைத்தது அந்த அடிமேல்.

அதனால் முதல் மூன்று ரவுண்டு டைசனுக்கு. அலி ஒரு முறை விழுவார் என்றும் எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் பேங்க்ஸ், கூப்பர், ஃப்ரேசியர் மூவரிடமும் விழுந்த அலி எழுந்தார் என்பதும் அதே அளவுக்கு உண்மை. அப்புறம் டைசனின் தவறு மெல்ல வெளியே வரும். உள்ளே நுழைய முடியாதபோது அவர் ஒற்றை ஒற்றை அடியாகப் போட ஆரம்பித்துவிடுவார். கட்டிப்பிடித்தால் விடுவித்துக்கொள்ளப் போராடமாட்டார், நடுவர் பிரிக்கட்டும் என்று நிற்பார். 1987-இல் போன்க்ரஷர் ஸ்மித் 12 ரவுண்டு முழுக்கக் கட்டிப்பிடித்தே தள்ளிவிட்டார். ஸ்மித் அதைத் தப்பிக்கச் செய்தார். அலி அதையே ஜெயிப்பதற்காகச் செய்வார். உள்ளே வருகிறவரின் பிடரியில் இடது கையை வைத்துத் தலையைக் கீழே அழுத்துவார், எடையை எல்லாம் கழுத்தில் இறக்குவார். 1974 ஜனவரியில் ஃப்ரேசியரோடு நடந்த இரண்டாவது சண்டையை அப்படித்தான் வென்றார். நடுவர் அதைத் தடுக்கவில்லை. கண்டிப்பான நடுவர் என்றால் புள்ளி போகும், சண்டையின் போக்கே மாறும். நான் சாதாரண நடுவரை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அலி, பத்தாவது ரவுண்டு. அண்ணன் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

டைசனுக்கும் 1973 ஃபோர்மனுக்கும் சண்டை என்றால் எனக்கு யோசனையே வேண்டாம். குனிந்து வருகிற குட்டையான மனிதர், எதிரே ஃபோர்மன் கீழிருந்து மேலே போடும் அந்த அப்பர்கட். ஃப்ரேசியரைவிட டைசன் சீக்கிரம் சூடாகிறவர் என்பதால் முதல் நிமிடம் பயங்கரமாக இருக்கும். இரண்டாவது ரவுண்டு வராது.

என் மனசு கிடப்பது வேறொரு சண்டையில். 1966 அலியும், ஷ்மெலிங்கைப் பழிதீர்த்த 1938 லூயிஸும். லூயிஸின் அடிகளைப்போல் சுருக்கமான அடிகளை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆறு அங்குலம் போனாலே போதும், ஆள் தூங்கிவிடுவான். ஒன்று போட்டு நிறுத்துவதும் இல்லை. முதல் அடிக்குத் தலையைப் பின்னால் இழுத்தால், மூன்றாவது அடி தலை போய் நிற்கும் இடத்தில் ஏற்கெனவே காத்திருக்கும். அலிக்கு அதைவிட ஆபத்து கிடையாது.

ஆனால் லூயிஸின் கால். தரையை உரசி உரசித்தான் நகர்வார். நகர்ந்துகொண்டே இருக்கிறவர்களிடம் திணறுவார். 1941-இல் பில்லி கான் என்ற லைட் ஹெவிவெயிட்காரர், லூயிஸைவிட 25 பவுண்டு குறைந்தவர், 12 ரவுண்டு முடிந்தபோது புள்ளியில் முன்னால் இருந்தார். 13-ஆவது ரவுண்டில் லூயிஸை நாக்அவுட் செய்துவிடலாம் என்று ஆசைப்பட்டு நின்று மோதினார். அந்த ரவுண்டு முடிய இரண்டு வினாடி இருக்கும்போது லூயிஸ் அவரை முடித்துவிட்டார். 1947-இல் ஜெர்சி ஜோ வால்காட் லூயிஸை இரண்டு தடவை கீழே தள்ளினார். நடுவர்களில் இருவர் லூயிஸுக்குக் கொடுத்ததால்தான் பட்டம் தங்கியது. கானின் கால், வால்காட்டின் கண்கட்டு வித்தை இரண்டும் ஆறடி மூன்று அங்குல உடம்பில் சேர்ந்தால் அதுதான் அலி. கான் செய்த அவசரத்தை அலி செய்யமாட்டார். 15 ரவுண்டு, புள்ளியில் அலி. இதை எழுதியபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் லூயிஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவரைத் தடுமாறவைத்தவர்கள் இரண்டாவது முறை வந்தபோது என்ன ஆனார்கள்? ஷ்மெலிங், முதல் ரவுண்டு. ஆர்துரோ கோடாய், எட்டாவது ரவுண்டு. கான், எட்டாவது ரவுண்டு. வால்காட், 11-ஆவது ரவுண்டு. ஒருவரும் மிஞ்சவில்லை. அதனால் என் நோட்டில் அலிக்கும் லூயிஸுக்கும் இரண்டு சண்டைகள் இருக்கின்றன. இரண்டாவதில், 12-ஆவது ரவுண்டில், அலியின் தலை பின்னால் போய் நிற்கும் இடத்தை லூயிஸ் கண்டுபிடித்துவிடுகிறார்.

விதிகளைப் பற்றிச் சொல்லாமல் இதையெல்லாம் பேசுவது நியாயமில்லை. 1919 ஜூலை 4 அன்று டொலீடோவில் டெம்ப்சி தன்னைவிட ஐம்பத்தெட்டு பவுண்டு கூடிய ஜெஸ் வில்லர்டை முதல் ரவுண்டில் ஏழு முறை வீழ்த்தினார். படத்தைப் பார்த்தால் தெரியும், வில்லர்ட் எழும் ஒவ்வொரு முறையும் டெம்ப்சி பக்கத்திலேயே நிற்கிறார். முழங்கால் தரையை விட்டு எழுந்ததும் அடி விழுகிறது. விழுந்தவரை விட்டுவிட்டு நடுநிலை மூலைக்குப் போகவேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கு இல்லை. 1927-இல் சிகாகோவில் ஜீன் டன்னியை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தியபோது அந்த விதி இருந்தது. டெம்ப்சி பழக்கத்தில் அங்கேயே நின்றார். அவர் மூலைக்குப் போகும்வரை நடுவர் எண்ணிக்கையைத் தொடங்கவில்லை. டன்னி 14 வினாடி போலத் தரையில் இருந்துவிட்டு எழுந்தார், சண்டையையும் வென்றார். டெம்ப்சியை யாரோடு மோதவிட்டாலும் முதலில் இந்த விதியைப் பேசி முடிக்கவேண்டும். 1919 விதியில் அவரோடு விழுந்து எழக்கூடியவர்கள் மிகச் சிலர்.

அதைவிட என்னை உலுக்குவது ஒரு மூக்கும் ஒரு கண்ணும். 1954 செப்டம்பர் 17 அன்று எஸார்ட் சார்ல்ஸோடு நடந்த இரண்டாவது சண்டையில் மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்துவிட்டது. ரத்தத்தை நிறுத்த அவர் கார்னரில் (வீரன் ரவுண்டுக்கு இடையே உட்காரும் மூலை) இருந்த உதவியாளர்களால் முடியவில்லை. சண்டையைத் தொடர விட்டார்கள். எட்டாவது ரவுண்டில் அவர் சார்ல்ஸை நாக்அவுட் செய்தார். 2003 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸில் விட்டாலி கிளிட்ச்கோவுக்கு இடது கண்ணைச் சுற்றிப் பயங்கரமான வெட்டு. ஆறு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் லெனாக்ஸ் லூயிஸை முந்தியிருந்தார். மருத்துவர் போதும் என்றார். கிளிட்ச்கோ கத்தினார், கெஞ்சினார், பயனில்லை. மருத்துவர் செய்தது சரி, ஒரு கண்ணைவிடப் பட்டம் பெரிதில்லை. ஆனால் இருவரையும் இடம் மாற்றிப் பாருங்கள். 2003-இன் மருத்துவர் 1954-இல் இருந்திருந்தால் 49 வெற்றி என்ற எண்ணே இருந்திருக்காது. 1954-இன் ரிங்கில் கிளிட்ச்கோ இருந்திருந்தால் ஒருவேளை அன்றிரவே லெனாக்ஸ் லூயிஸை வென்றிருப்பார்.

அளவைப் பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். மார்சியானோ 185 பவுண்டு போல, ஆறடிகூட இல்லை. இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட் பிரிவின் எல்லை 200 பவுண்டு. அவரை ஹெவிவெயிட்டில் சேர்க்கவே மாட்டார்கள். ஆறடி ஐந்து அங்குல லெனாக்ஸ் லூயிஸ் எதிரே நின்றால் என்ன செய்வார்? லெனாக்ஸ் லூயிஸ் தோற்றது இரண்டே தடவை, 1994-இல் ஆலிவர் மெக்காலிடம், 2001-இல் ஹசீம் ரஹ்மானிடம், இரண்டும் ஒற்றை வலது கை. மார்சியானோவின் சொத்தே வலது கைதான். ஆனால் அந்தக் கை தாடையை எட்டுவதற்கு முன் எத்தனை ஜாப் வாங்கவேண்டும்? 12 ரவுண்டில் எனக்கு நம்பிக்கையில்லை. அதே சமயம் பெரியவன்தான் ஜெயிப்பான் என்று சொல்கிறவர்கள் 2024 டிசம்பரை ஒரு முறை பார்க்கவேண்டும். 226 பவுண்டு ஆலெக்சாண்டர் உசிக், 281 பவுண்டு டைசன் ஃபியூரியை இரண்டாவது முறையாக வென்றார். சின்ன ஆள் தூரத்தைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். மார்சியானோ தூரத்தைப் படித்தவர் இல்லை, தூரத்தைத் தின்றவர். அதனால்தான் அவரைவிட உசிக்கை வேறு காலங்களுக்கு அனுப்பிப் பார்க்க எனக்கு ஆசை.

காலங்கள் நிஜமாகவே மோதிய இரவுகளும் உண்டு. பெரும்பாலும் அவை மனசை உடைப்பவை. 1951 அக்டோபரில் 37 வயது ஜோ லூயிஸ், வரிக் கடனுக்காக, 28 வயது மார்சியானோவோடு மோதினார். எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். மார்சியானோ உடை மாற்றும் அறையில் அழுதார், லூயிஸ் அவருடைய இளமைக்கால நாயகன். 1980 அக்டோபரில் 38 வயது அலி, ஒரு காலத்தில் தன்னிடம் பயிற்சிச் சண்டை போட்டுப் பழகிய லேரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். நிறுத்துங்கள் என்பதுபோல ஹோம்ஸே நடுவரைப் பார்த்தார். கடைசியில் அலியின் கார்னரிலிருந்து பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். 1988-இல் அந்த ஹோம்ஸின் முறை, 38 வயதில், 21 வயது டைசனிடம், நான்கு ரவுண்டு. இந்தச் சண்டைகளை வைத்து மார்சியானோ லூயிஸைவிடச் சிறந்தவர், டைசன் ஹோம்ஸைவிடச் சிறந்தவர் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஒரே ஒரு இரவு மட்டும் வேறு மாதிரி. 1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். ஜார்ஜ் ஃபோர்மனுக்கு 45 வயது. எதிரே 26 வயது மைக்கேல் மூரர், 35 சண்டையிலும் தோற்காதவர். ஃபோர்மன் கின்ஷாசாவில் போட்டிருந்த அதே சிவப்புக் கால்சட்டையோடு வந்தார். கார்னரில் ஏஞ்சலோ டண்டி, இருபது வருடம் முன்பு கின்ஷாசாவில் எதிர்க் கார்னரில் அலிக்குத் தண்ணீர் கொடுத்தவர். ஒன்பது ரவுண்டு மூரர் அடித்துக்கொண்டே இருந்தார், மூன்று அட்டையிலும் முன்னால் இருந்தார். ஃபோர்மன் ஜாப் போடுவார், போட்டுவிட்டுக் காத்திருப்பார். மூரரின் தவறு, அந்தக் கனமான மனிதருக்கு நேர் எதிரே நிற்க ஆரம்பித்தது. விலகி நட என்று அவர் கார்னரிலிருந்து ரவுண்டுக்கு ரவுண்டு கத்தினார்கள். பத்தாவது ரவுண்டில் ஃபோர்மனின் வலது கை நீண்டு போகவில்லை, ஓங்கவில்லை, ஒரு கதவைத் தள்ளுவதுபோலச் சும்மா போனது. மூரர் மல்லாந்து விழுந்து எழவில்லை. ஃபோர்மன் மூலைக்குப் போய் முழங்காலிட்டார். எழுபதுகளின் ஆள் தொண்ணூறுகளின் சாம்பியனை வீழ்த்தியது அந்த ஒரு முறை. அதுவும் பலத்தால் மட்டும் இல்லை, எதிரே இருந்தவரின் தவறுக்குச் சரியான அடியை வைத்துக்கொண்டு ஒன்பது ரவுண்டு காத்திருந்ததால்.

நடந்திருக்கவேண்டிய, ஆனால் யாரோ தடுத்த சண்டைகள் இன்னொரு வகை. அங்கே கற்பனை செய்யவே மனசு வருவதில்லை. சாம் லாங்ஃபோர்டுக்கு உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான வாய்ப்பு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. கறுப்பர் என்ற காரணத்தால் வெள்ளைச் சாம்பியன்கள் ஒதுங்கினார்கள், பட்டம் வென்ற ஜாக் ஜான்சனும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஹாரி வில்ஸ் டெம்ப்சிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார். ஒப்பந்தம்கூடப் போட்டார்கள், சண்டை நடக்கவில்லை. 1915-இல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு இன்னொரு கறுப்பர் அந்தப் பட்டத்துக்கு மோத 1937 வரை, 22 வருடம், ஆனது. டெம்ப்சி, வில்ஸ் சண்டையை நான் நோட்டில் எழுதவில்லை. அந்தப் பக்கத்தைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் சன்னி லிஸ்டனும் ஃபோர்மனும். 1960 லிஸ்டன், 1973 ஃபோர்மன். இருவருக்கும் இரும்புலக்கை மாதிரி ஜாப், இருவரும் முகத்தைப் பார்த்தே எதிரியைப் பாதி தோற்கடிக்கிறவர்கள், இருவரும் பின்வாங்கப் பழகாதவர்கள். லிஸ்டனின் ஜாபா ஃபோர்மனின் வலதா என்று நான் எத்தனையோ தடவை எழுதி அடித்திருக்கிறேன். இதில் விசேஷம் என்னவென்றால், இவர்கள் மோதியிருக்கிறார்கள். அறுபதுகளின் கடைசியில், ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தொழிலுக்கு வந்த இளம் ஃபோர்மன் லிஸ்டனோடு பயிற்சிச் சண்டை போட்டார், இருவரையும் டிக் சாட்லர் கவனித்துக்கொண்ட காலம். தன்னை ரிங்கில் பின்னால் நகரவைத்தவர் லிஸ்டன் ஒருவர்தான் என்று ஃபோர்மன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1971 ஜனவரியில் லிஸ்டன் தன் வீட்டில் இறந்துகிடந்தார். அந்தப் பயிற்சிக் கூடத்தில் அன்றைக்கு ஒரே ஒரு காமிரா இருந்திருக்கக்கூடாதா என்று நான் நினைக்காத மாதம் இல்லை. ஃபோர்மனின் கால் எத்தனை அடி பின்னால் போனது என்று மட்டும் பார்த்தால் போதும்.